தூக்குக்கோலும் நீராவியும்

சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் யாம் எம் ஊராகிய புதுவைக்குச் சென்றிருந்தோம். பௌதிக நூல் ஆனர்ஸ் வகுப்பிற் பயிலும் நண்பர் ஒருவரும் எம்முடன் வந்திருந்தார். பண்டிகைக்கு முந்திய சனிக்கிழமை காலையில் அவரைப் பெரிய மார்க்கெட்டுக்கு அழைத்துச் சென்றோம். நேரு வீதிக்கும் ரங்கப்பிள்ளை வீதிக்கும் இடையே பரந்து கிடக்கும் அவ்வங்காடிக்குக் கூபேர் அங்காடி என்று பெயரிட்டிருப்பினும், ஊரார் நாவில் அஃது இன்றும் பெரிய மார்க்கெட்டே. ஒருபால் மல்லிகையும் சாமந்தியும். ஒருபால் மீனும் கருவாடும். இடையே புளியும் மிளகாயும் வெங்காயமும் மூட்டை மூட்டையாக. எம் பாட்டனார் தம் வாழ்நாளிற் பெரும்பகுதியை அங்கே புளி நிறுத்து விற்றே கழித்தவர். ஆதலின் அவ்விடத்து மணம் எமக்குத் தாய்வீட்டு மணம் போல்வது.

அங்கே எம் பெரியப்பாவின் மகனாரைக் கண்டோம். அவர் ஊர்ப்புறத்து நெல் அவிக்கும் அரிசி ஆலை ஒன்றிற் கொதிகலனைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருப்பவர். மூவரும் ஒரு தேநீர்க் கடையோரம் நின்றோம். அடுப்பின்மேல் இட்லிக் குண்டான் கொதித்துக்கொண்டிருந்தது. அதன் மூடி தட்டித் தட்டி எழுந்து, சிறிது நீராவியை வெளிவிட்டு, மீண்டும் அமர்ந்தது. அண்ணன் அதனையே நோக்கிக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

“தம்பி, எங்கள் மில்லிலும் இதே கதைதான். பாய்லர் தலைமேல் ஒரு நீளக் கம்பி இருக்கிறது. அதில் ஒரு இரும்புக் குண்டு தொங்குகிறது. அது அடிக்கடி தூக்கிக்கொண்டு ஆவியை விட்டுவிடுகிறது. உமி வீணாகிறது என்று முதலாளி குண்டை இன்னும் கொஞ்சம் நுனிப்பக்கம் தள்ளி வைக்கச் சொல்கிறார். தள்ளினால் என்ன ஆகும்? நீங்கள் இருவரும் காலேஜில் படிக்கிறீர்களே, சொல்லுங்கள்.”

நண்பர் உடனே சட்டைப்பையினின்றும் பேனாவை எடுத்து, கடைக்காரர் தந்த தாளின்மீது ஆங்கில எழுத்துக்கள் நான்கைந்தை எழுதி, நடுவே ஒரு சமக்குறியும் இட்டார். “இதுதான் விடை,” என்றார். அண்ணன் தாளைப் பார்த்தார், எம்மைப் பார்த்தார். தமிழிற் சொல்லுமாறு யாம் நண்பரை வேண்டினோம். அவர் இரண்டு வாக்கியம் தொடங்கி, இரண்டையும் முடிக்கமாட்டாமல் நிறுத்தினார். சொல்லும் பொறுப்பை யாமே ஏற்போமெனின், எமக்குச் சொல் உண்டே ஒழியப் பொருள் இல்லை. தொல்காப்பியத்து வேற்றுமையியலைப் பற்றி வினவியிருந்தால் ஒரு நாழிகை பேசியிருப்போம். தேநீர் ஆறிற்று. அண்ணன் தாமே பேச்சை மாற்றி எம் வெட்கத்தைத் தீர்த்தார்.

அன்பர்காள்! அன்றைய வெட்கமே இக்கட்டுரைக்குக் காரணம். நீராவி எஞ்சினைப் பற்றிய கணிதம், ஆங்கிலம் கற்றோர்க்கும் பொறியியற் கல்லூரியினர்க்குமே உரியது என்னும் எண்ணம் நம்மிடை வேரூன்றிக் கிடக்கின்றது. அவ்வெண்ணம் பொய் என்பதும், அப்பொய்யாற் கேடுறுவோர் கொதிகலனருகே நிற்கும் எளியோரே என்பதும் எம் கருத்து.

அன்று மாலை வீட்டிற்குத் திரும்பியதும் பரண்மேற் கிடந்த பாட்டனாரின் இரும்புத் தூக்குக்கோலை இறக்கினோம். அதனைக் கண்டிராத இளைஞர் பலர் இருத்தல் கூடும். இக்காலத்து மார்க்கெட்டிலே மின்தராசின் எண்களே மின்னுகின்றன. தூக்குக்கோலாவது ஒரு நீண்ட கோல். ஒரு முனைக்கருகே பிடி. பிடிக்குக் குறுகிய பக்கத்திற் சரக்குத் தொங்கும் கொக்கி. நீண்ட பக்கத்தில் நகர்த்தக்கூடிய சிறு குண்டு. இரண்டு கிலோ குண்டு இருபது கிலோ மூட்டையைத் தாங்கி நிற்கும். இதில் மாயமொன்றும் இல்லை. மூட்டை பிடியிலிருந்து ஐந்து விரற்கடை தூரத்திலும் குண்டு ஐம்பது விரற்கடை தூரத்திலும் இருப்பின், இருபதை ஐந்தாற் பெருக்கினாலும் நூறு. இரண்டை ஐம்பதாற் பெருக்கினாலும் நூறு. எடையையும் தூரத்தையும் பெருக்கிய பெருக்கம் இருபுறமும் ஒத்தால் கோல் நேர் நிற்கும். எழுதப் படிக்கத் தெரியாத எம் பாட்டனார் இதனை நாள்தோறும் செய்தார்.

அண்ணன் கூறிய கம்பியும் இதுவே. ஒரு முனை கீலிற் பொருந்தியிருக்கும். கீலுக்கு அருகே வால்வின் அடைப்புக் கம்பியின் கீழ் அமர்ந்திருக்கும். தொலைவில் குண்டு தொங்கும். தூக்குக்கோலிற் பிடி இடையிலிருக்க, இதிற் கீல் ஓரத்திலிருக்கின்றது, பெருக்கலோ ஒன்றே. கொதிகலனுக்குள் இருக்கும் நீராவி அடைப்பை மேலே தள்ளுகின்றது; குண்டு கீழே அழுத்துகின்றது. நீராவி சரக்கு, கம்பி தராசு.

நண்பரும் யாமும் தரையில் அமர்ந்து அண்ணன் தந்த அளவுகளை வைத்துக் கணக்கிட்டோம். வால்வின் வாய் 20 சதுர சென்டிமீட்டர். அக்கொதிகலன் தாங்கத்தக்கது சதுர சென்டிமீட்டருக்கு 7 கிலோ அழுத்தம். ஆகவே அடைப்பைத் தள்ளும் விசை 140 கிலோ. கீலுக்கும் வால்வுக்கும் இடையே 8 சென்டிமீட்டர். 140-ஐ 8-ஆற் பெருக்க 1,120. குண்டின் எடை 16 கிலோ. 1,120-ஐ 16-ஆல் வகுக்க 70. கம்பியின் சொந்த எடையை விட்டுவிட்டால், குண்டு கீலிலிருந்து 70 சென்டிமீட்டரில் நிற்றல் வேண்டும். முதலாளி சொற்படி அதனை 80-க்குத் தள்ளினால், உள்ளே அழுத்தம் 8 கிலோ ஆகும்வரை வால்வு திறவாது. அவ்வாறன்றி நாலு கிலோக் கல் ஒன்றைக் குண்டோடு சேர்த்துக் கட்டினால், எட்டேமுக்கால் கிலோ வரை வாய் மூடியே கிடக்கும். கள்ளத்தராசு பிடிக்கும் வணிகன் வாங்குவோனை ஏமாற்றுகின்றான். இத்தராசில் கள்ளம் செய்பவனோ தானும் அருகே நின்று தன்னையே நிறுத்துக் கொடுக்கின்றான்.

இவ்வால்வை முதன்முதல் அமைத்தவர் தெனி பாப்பேன் என்னும் பிரெஞ்சுக்காரர். பிரான்சுவா மார்த்தேன் புதுவையிற் பிரெஞ்சுக் குடியிருப்பை 1674-இல் நாட்டினார். பாப்பேன் எலும்பையும் குழைய வேகவைக்கும் இறுகிய மூடியுடைய பாத்திரத்தைச் செய்து 1679-இல் லண்டன் ராயல் சங்கத்தாருக்குக் காட்டினார். பாத்திரம் வெடிக்காதிருக்கும்பொருட்டுக் கம்பியிற் குண்டைத் தொங்கவிட்டார். தூக்குக்கோல் பண்டைக்காலந்தொட்டே உலகெங்கும் சந்தைகளில் வழங்கியது. அதனை அவர் சமையற்கட்டுக்குக் கொண்டுவந்தார் என்றே கூறலாம். இன்று நம் இல்லங்களிற் சீழ்க்கையடிக்கும் குக்கர் அப்பாத்திரத்தின் பெயர்த்தி. பாப்பேன் புராட்டஸ்டண்டு மதத்தவர். தம் நாட்டில் அம்மதத்தார்க்கு இடமில்லாது போகவே அயல்நாடுகளில் அலைந்து வறுமையில் மறைந்தார்.

வால்வைக் கட்டிவைத்து மாண்டோர் கதை பல. ட்ரெவிதிக் என்னும் ஆங்கிலேயர் அமைத்த உயரழுத்த எஞ்சின் ஒன்று 1803-இல் கிரீனிச்சில் வெடித்துச் சிலர் உயிரிழந்தனர். அதனைப் பார்த்துக்கொள்ள வைத்திருந்த சிறுவன் வால்வை எழாதவாறு செய்துவிட்டு, விலாங்குமீன் பிடிக்கப் போய்விட்டானாம். அதன்பின் ட்ரெவிதிக் இரண்டு வால்வுகளை வைத்ததோடு, நீர் வற்றிச் சூடு மிகுந்தால் உருகித் திறக்கும் ஈய அடைப்பொன்றையும் கொதிகலனில் அமைத்தார். அமெரிக்காவில் சார்ல்ஸ்டன் நகரத்து எஞ்சினொன்றில் 1831-இல் நிகழ்ந்ததோ இன்னும் பரிதாபம். நெருப்பிடும் தொழிலாளி, ஆவி வெளிப்படும் இரைச்சலைப் பொறுக்கமாட்டாமல் வால்வை மூடிவிட்டார். சிறிது நேரத்திற் கொதிகலன் வெடித்து அவரையே கொன்றது. இவர்களை அறிவிலிகள் என்று எள்ளுதல் எளிது. அக்கம்பி எதனை நிறுக்கின்றது என்று அவர்கட்கு விளங்கும் மொழியில் எவரேனும் சொன்னதுண்டா என்பதே எம் வினா.

கொதிகலன் ஏன் வெடிக்கின்றது என்பதற்கும் பெருங்கணக்கு வேண்டா. அதனை இருபுறமும் மூடிய பீப்பாய் என்று கொள்வோம். நீளவாட்டில் ஒரு சென்டிமீட்டர் அகலமுள்ள வளையம் ஒன்றை மனத்தால் அறுத்தெடுத்து, அதனையும் இரு பாதியாகப் பிளந்து பார்ப்போம். அழுத்தத்தை விட்டத்தாற் பெருக்கிய விசை அவ்விரு பாதியையும் பிரிக்க முயல்கின்றது. இருபுறத்துத் தகட்டின் கனம் மட்டுமே அவற்றைச் சேர்த்துப் பிடித்திருக்கின்றது. ஆகவே அழுத்தத்தையும் விட்டத்தையும் பெருக்கி, தகட்டுக் கனத்தின் இருமடங்கால் வகுத்தால் உலோகம் தாங்கும் இழுப்புக் கிடைக்கும். இரு முனை மூடிகளும் கழன்று ஓட முயலும் இழுப்பைக் கணக்கிட்டாலோ, இதிற் சரிபாதியே வரும். பீப்பாய் வடிவக் கொதிகலன் குறுக்கே அறுபடுவதினும் நெடுக்கே கிழிவதற்கு இருமடங்கு நெருங்கி நிற்கின்றது என்பது இதனாற் பெறப்படும். 7 கிலோ அழுத்தம், 120 சென்டிமீட்டர் விட்டம், 1.2 சென்டிமீட்டர் கனம் எனில் இழுப்புச் சதுர சென்டிமீட்டருக்கு 350 கிலோ. நல்ல உருக்கு அறுவதற்கு ஏறத்தாழ 4,000 கிலோ வேண்டும். இடைவெளி பெரிதுதான். ஆனால் உப்பு நீரும் துருவும் தகட்டைப் பாதியாக்கினால் இழுப்பு இருமடங்காகும். பற்றவைத்த இணைப்பு தகட்டினும் மெலிந்தது. நீர் வற்றிய கொதிகலனிற் செஞ்சூடேறிய உருக்குத் தன் வலிமையையே இழந்துவிடும். இவ்வாறு இடைவெளியை நாற்புறமும் அரித்தபின், குண்டையும் தள்ளி வைத்தல் எத்தகைய செயல் என்பது வெளிப்படை.

எஞ்சினின் வலிமையை அளக்கும் கணக்கோ முற்றிலும் சந்தையிற் பிறந்தது. ஜேம்ஸ் வாட்டு தம் எஞ்சினை விற்றபோது, வாங்குவோர் கேட்ட கேள்வி, “இஃது எத்தனை குதிரைக்குச் சமம்?” என்பதே. அவர் ஒரு குதிரையின் வேலையை நிமிடத்திற்கு 33,000 அடிபவுண்டு என்று நிறுத்தி விலை பேசினார். இன்னும் வியப்பு யாதெனின், வாட்டும் அவர் கூட்டாளி போல்ட்டனும் எஞ்சினுக்குப் பெற்ற ஊதியம், பழைய நியூகோமன் எஞ்சினை நோக்க மிச்சப்படும் நிலக்கரியின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கு. மிச்சத்தை அளந்தாலன்றிக் காசு கைக்கு வாராது. ஆகவே அளக்கக் கற்றனர்! பிரெஞ்சுக்காரர் இவ்வளவையே நீராவிக் குதிரை என்னும் பொருள்படும் சொல்லால் வழங்கினர். அது நொடிக்கு 75 கிலோவை ஒரு மீட்டர் உயர்த்தும் வேலை. இரண்டையும் ஒப்பிட்டால் ஆங்கிலக் குதிரை பிரெஞ்சுக் குதிரையினும் நூற்றுக்கு ஒன்றரைக்குச் சிறிது குறைவாக வலியது. புதுவையார் இதற்காக வருந்த வேண்டுவதில்லை.

கணக்கிடும் முறை இது. 40 சென்டிமீட்டர் விட்டமுடைய உருளைக்குள் ஓடும் பிஸ்டனின் பரப்பு 1,257 சதுர சென்டிமீட்டர். சராசரி அழுத்தம் 5 கிலோ எனின் தள்ளும் விசை 6,285 கிலோ. ஓட்டம் அரை மீட்டர். நிமிடத்திற்கு 200 ஓட்டம். மூன்றையும் பெருக்கி, ஒரு குதிரையின் நிமிட வேலையாகிய 4,500-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 140 நீராவிக் குதிரைகள் வருகின்றன. விட்டத்தை இருமடங்காக்கின் வலிமை நான்மடங்காம். இதுவரை வந்தது பெருக்கலும் வகுத்தலுமே.

இதற்குமேல் ஒரு நுட்பம் உளது. எமக்கு எல்லாவற்றினும் இனித்தது இதுவே. ஆகலின் சற்று நின்று கூறுவோம். உருளைக்குள் ஓட்டம் முழுவதும் நீராவியை விட்டுக்கொண்டேயிருத்தல் ஊதாரித்தனம். கால்வாசி ஓட்டத்தில் வாயை மூடிவிட்டால், உள்ளே அகப்பட்ட நீராவி தானே விரிந்து பிஸ்டனை எஞ்சிய முக்கால்வாசியும் தள்ளும். விரிய விரிய அழுத்தம் குறையும். இடம் இருமடங்கானால் அழுத்தம் ஏறத்தாழப் பாதி. இவ்விதியை ஆங்கிலம் கற்றோர் பாயிலின் விதி என்பர். புதுவையிற் பிரெஞ்சுப் பள்ளியிற் பயின்ற முதியோரிடம் கேட்டால் மரியோத்தின் விதி என்பர். நீராவி இதற்கு முற்றும் அடங்குவதன்று. கணக்குக்கு இது போதும்.

குறைந்துகொண்டே செல்லும் அழுத்தம் செய்யும் வேலையை எவ்வாறு கூட்டுவது? வாட்டின் உதவியாளர் ஜான் சதர்ன் 1796-இல் ஓர் உபாயம் கண்டார். அழுத்தத்தோடு ஏறியிறங்கும் பென்சில் ஒன்று, பிஸ்டனோடு நகரும் தாள்மீது கோடு வரையுமாறு அமைத்தார். எஞ்சின் தன் கணக்கைத் தானே எழுதிற்று. கோடு சூழ்ந்த பரப்பே செய்த வேலை. கட்டம் போட்ட தாளானால் கட்டங்களை எண்ணினாலே போதும். நெடுநாள் இதனைப் பிறர் அறியாதவாறு மறைத்து வைத்திருந்தனர்.

அப்பரப்பைக் கணிதர் முன்னரே கணக்கிட்டு வைத்திருந்தனர். ஓட்டம் முழுவதும் நீராவி விட்டால், ஒரு பங்கு நீராவிக்கு ஒரு பங்கு வேலை எனக் கொள்க. பாதியில் மூடினால் அதே நீராவிக்கு 1.69 பங்கு, கால்வாசியில் மூடினால் 2.39 பங்கு, அரைக்காலில் மூடினால் 3.08 பங்கு. ஒவ்வொரு முறை இருமடங்காக விரிக்கும்போதும் கூடுவது 0.69 மட்டுமே. முதற்சிக்கனம் பெரிது, அடுத்தடுத்த சிக்கனமும் அதே அளவுதான், ஆனால் அதற்கு வேண்டிய உருளையோ இருமடங்காகப் பெருத்துக்கொண்டே போகும். வெளியேறும் ஆவியின் எதிர்ப்பும், குளிர்ந்த சுவரிற் பட்டு நீராவி நீராய் உறைதலும் இவ்வெண்களைக் குறைத்துவிடும். எங்கே நிறுத்துவது என்பதே எஞ்சின் அமைப்போனின் கலை.

ஆகவே ஒரே உருளையில் முழுவதும் விரிக்காமல், இரண்டில் மாறி மாறி விரித்தல் நலம் எனக் கண்டனர். அதனை நம் நாட்டிலேயே இன்றும் கண்ணாற் காணலாம். மேட்டுப்பாளையத்தினின்றும் குன்னூருக்கு 1899-இலும், உதகைக்கு 1908-இலும் ஓடத் தொடங்கிய நீலகிரி மலைப் புகைவண்டியில், சுவிட்சர்லாந்து விண்டர்தூரிற் செய்த எஞ்சின்களுக்கு நான்கு உருளைகள். கொதிகலனிலிருந்து வரும் நீராவி முதலில் உயரழுத்த உருளைகள் இரண்டில் வேலை செய்து சாதாரணச் சக்கரங்களை ஓட்டும். பின்னர் அதே நீராவி, மற்றை உருளைகள் இரண்டிற் புகுந்து, தண்டவாள நடுவேயுள்ள பற்சட்டத்தைக் கவ்வும் பற்சக்கரங்களை ஓட்டும். பற்சட்டம் இல்லாத இடத்தில் முதலிரு உருளைகளே போதும்.

பற்சட்டம் எதற்கு? கல்லாறு முதல் குன்னூர் வரையுள்ள ஏற்றத்திற் சற்றொப்பப் பன்னிரண்டு அடிக்கு ஓரடி வீதம் பாதை உயர்கின்றது. எஞ்சினும் பெட்டிகளும் சேர்ந்து 96 டன் எனக் கொண்டால், அதிற் பன்னிரண்டில் ஒரு பங்காகிய 8 டன் விசை ஓயாமற் பின்னோக்கி இழுக்கும். எஞ்சின் எடை 48 டன் எனவும், அது முழுவதும் உந்து சக்கரங்களின்மேல் விழுவதாகவும் தாராளமாக வைத்துக்கொள்வோம். உலர்ந்த தண்டவாளத்தில் நாலிலொரு பங்கு பிடிப்பு உண்டு: 12 டன், ஏறிவிடலாம். மலையிலோ மூடுபனி, மழை, உதிர்ந்த இலை. பிடிப்புப் பத்திலொரு பங்காகக் குறைந்தால் 4.8 டன் மட்டுமே. எட்டை நாலேமுக்கால் வெல்லுமோ? சக்கரம் நின்ற இடத்திலே சுழலும். இறங்குகையிலோ வண்டி தன் விருப்பம்போல் ஓடும். ரோமன் ஆப்டு என்னும் சுவிட்சர்லாந்துப் பொறியாளர், இரு பற்சட்டங்களை ஒன்றன் பல்லுக்கு எதிரே மற்றொன்றன் இடைவெளி வருமாறு பதித்தார். எக்கணமும் ஏதேனுமொரு பல் கவ்வியே நிற்கும். எஞ்சின் பெட்டிகளுக்குக் கீழ்ப்புறத்தே நின்று தள்ளிக்கொண்டு போவதும் இக்கணக்கின் அச்சத்தினாலேயே. 2005-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட இவ்வண்டியை வேடிக்கை பார்த்துப் படம் பிடிப்போர் பல்லாயிரவர். பன்னிரண்டால் வகுத்துப் பார்த்தோர் எத்தனை பேரோ?

நீராவிக் கணிதத்தின் முடியாக நிற்பதும் ஒரு பிரெஞ்சு இளைஞரின் சிந்தனையே. நியூகோமனின் எஞ்சின் ஓடியது 1712-இல். அதற்கு 112 ஆண்டுகளுக்குப்பின், 1824-இல், இருபத்தெட்டு வயதுடைய சாதி கார்னோ ஒரு சிறு நூலை வெளியிட்டார். எவ்வளவு திறமையாக எஞ்சின் செய்தாலும், சூட்டினின்றும் பெறத்தக்க வேலைக்கு ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லை சூடான இடத்திற்கும் குளிர்ந்த இடத்திற்கும் உள்ள வேறுபாட்டைப் பொறுத்தது என்றார். பின்வந்தோர் அதற்குத் தந்த கணக்குப்படி, 190 பாகைச் சூட்டில் நீராவி புகுந்து 100 பாகையில் வெளியேறுமாயின், முழுக்குளிர்ப் புள்ளியிலிருந்து எண்ண அவை 463-உம் 373-உம் ஆகும். வேறுபாடு 90. 90-ஐ 463-ஆல் வகுத்தால் ஐந்திலொரு பங்குக்கும் குறைவு. குற்றமற்ற எஞ்சினே ஐந்து மூட்டை உமிக்கு ஒரு மூட்டையின் வேலையைத்தான் தரும். உள்ளபடி ஓடிய புகைவண்டி எஞ்சின்கள் நூற்றுக்குப் பத்தும் தந்தனவல்ல. கார்னோவின் நூலை அக்காலத்தார் பொருட்படுத்தவில்லை. அவர் 1832-இல் வாந்திபேதியால் மாண்டார்.

“நீராவி எஞ்சின் போன யுகத்துப் பொருளாயிற்றே, இதனை இப்போது கற்பானேன்?” என்று வினவும் நண்பர் உளர். புதுவைக்கும் விழுப்புரத்துக்கும் இடையே 1879-இற் புகைவிட்டு வந்த வண்டி இன்று இல்லை என்பது உண்மையே. ஆயின் நெய்வேலியில் நிலக்கரியை எரித்துக் கொதிக்க வைப்பது நீரையே. கல்பாக்கத்தில் அணுவைப் பிளந்து கொதிக்க வைப்பதும் நீரையே. பிஸ்டன் போய்ச் சுழலி வந்ததேயன்றி நீராவி போகவில்லை. பெரிய மார்க்கெட்டின் மின்தராசும் பெரும்பாலும் நீராவி ஈன்ற மின்சாரத்தையே தின்கின்றது. நெய்வேலி அனல்மின் நிலையத்தில் 2020-ஆம் ஆண்டு மே மாதத்திலும் ஜூலை மாதத்திலும் கொதிகலன் பகுதியில் நேர்ந்த விபத்துக்களிற் பலர் உயிர் துறந்தனர் என்பதையும் மறத்தற்கில்லை. 1923-இற் செய்த இந்தியக் கொதிகலன் சட்டத்திற்கு மாறாக 2025-இற் புதுச் சட்டம் வந்துள்ளது. சட்டம் ஆய்வாளரை அனுப்பும். ஆய்வாளர் இல்லாத நாளிற் கொதிகலனருகே நிற்பவர் அண்ணனைப் போன்றவரே.

தமிழிற் சொல் இல்லை என்பாரும் உளர். அழுத்தம், பரப்பு, விட்டம், கனம், நெம்புகோல், கொதிகலன் — மேலே யாம் எழுதியவற்றிற் பெரும்பாலன நாள்வழக்கே. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவர் கிரீன் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலேயே மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். அங்கேயே கரோல் விசுவநாதபிள்ளை இயற்கணிதத்தைத் தமிழில் நூலாக்கினார். நம் தனித்தமிழ் அன்பர்களிடமும் ஒரு சிறு பிணக்கு. வால்வுக்கு ஓரதர் என்று சொல் ஆக்கியுள்ளனர், அழகிய சொல்லே. ஆயின் எச்சரிக்கைப் பலகையில் அதனை எழுதினால் அண்ணன் எதனைத் தொடக்கூடாதென்றே அறியார். வகுப்பறையில் ஓரதர் வாழ்க. கொதிகலன் அறையில் வால்வே இருக்கட்டும். நம் துறையார் கணிதத்தை அயலார் பொருளென விலக்குவதும், கணிதத் துறையார் தமிழைத் தேர்வுக்கு மட்டும் உரியதென விலக்குவதும் ஒரே குற்றத்தின் இருபுறம். ஆண்டுதோறும் இரு துறை மாணவரும் சேர்ந்து, ஒரு தொழிலின் கணக்கை அத்தொழிலாளி படிக்கும் தமிழில் எழுதித் தருவாராயின், இம்மலரின் சில பக்கங்கள் அதற்குப் போதுமானவை. இதனை ஆசிரியப் பெருமக்கள் முன் வைக்கின்றோம்.

விடுமுறை முடியுமுன் நண்பரும் யாமும் தூக்குக்கோலை அண்ணன் முன் வைத்துக் கணக்கைச் சொன்னோம். அவருக்கு அரை நாழிகையும் வேண்டியிருக்கவில்லை. “அப்படியானால் முதலாளி தராசைச் சாய்க்கச் சொல்கிறார்,” என்றார். மறுநாளே கம்பியில் 70-ஆம் சென்டிமீட்டரில் அரத்தால் வெட்டுக்குறி இட்டு, சிவப்பு வர்ணம் தீட்டிவிட்டார். முதலாளி முணுமுணுத்தாராம், குண்டைத் தொடவில்லையாம். யாம் எழுதிக் கொடுத்த ஒரு பக்கத் தாளையும் சுவரில் ஒட்டியிருக்கின்றார். அதிற் பிழையொன்று இருந்தது. தகட்டின் இழுப்பைக் கணக்கிடும் இடத்தில் விட்டம் என்று எழுதிவிட்டு, ஆரத்தின் எண்ணாகிய 60-ஐப் போட்டு, 175 கிலோ என்று விடை தந்திருந்தோம். பதினைந்து நாட்களுக்குப்பின் கல்லூரி விடுதிக்கு அண்ணனிடமிருந்து தொலைபேசி வந்தது. “தம்பி, எங்கள் பாய்லர் குறுக்கே 120 அல்லவா? நீ பாதியைப் போட்டிருக்கிறாய். 350 என்று திருத்திவிட்டேன்,” என்றார்.